பதினேழாவது விதி

மாடிப்படிக்கு அடியில், குடைகளுக்கும்
முறிந்த தூண்டில் கம்புகளுக்கும் நடுவே
முனகிக்கொண்டிருக்கிறது என் சர்வர்.
ஓர்ட்டா துறைமுகத்துக்கு இன்று படகு வராது.
மேற்குக் காற்று. எதிரே பிக்கோ மலை
மேகத்துக்குள் போய்விட்டது.
பயர்வாலைத் திருத்த நல்ல நாள்.

பட்டியலின் அடியில் எல்லோரும் எழுதுவதையே
நானும் எழுதியிருக்கிறேன்:
மேலே பொருந்தாதவர் எவரானாலும் விட்டுவிடு.
மறுக்காதே. பதிலே சொல்லாதே.
"இல்லை" என்று சொல்லும் வீட்டில்
ஆள் இருப்பது தெரிந்துவிடும்.

இந்த வீட்டில் பதினோரு ஜீவன்கள்:
தொலைக்காட்சி, மழைமானி, பிரிண்டர்,
பூனைக்குச் சோறு போடும் இயந்திரம், இன்னபிற.
உள்ளே ஆளுக்கொரு எண்.
வெளியே இறங்கும்போது
எல்லோருக்கும் ஒரே சட்டை, ஒரே பெயர்.
பதில் திரும்பி வருகையில்
கேட்டது பிரிண்டரா பூனையா என்று
சர்வர் நினைவில் வைத்திருந்து பிரித்துக்கொடுக்கும்.
பேச்சு நின்று கொஞ்ச நேரமானால்
அந்த நினைவை அழித்தும் விடும்.
அதற்கு என்ன, இயந்திரம்.

பதினேழாவது வரியில்
என் கையால் எழுதிய குறிப்பு:
"ஒடீலியா. ஃபால் ரிவர். எடுக்காதே."

விமானம் ஏறுமுன் அவள் கேட்டது
என்னை அல்ல, எலுமிச்சை மரத்தை.
காலையில் அதைப் பார்க்கணும், என்றாள்.
கொல்லையில் கேமரா வைத்தேன்.
அவளுடைய அமெரிக்க முகவரியை வாங்கி
விதி எழுதினேன்.
எந்த போர்ட் என்று மட்டும் எழுதவில்லை.
அவள் வந்தால்
எந்தக் கதவு வழியாகவும் வரட்டுமே
என்றிருந்த காலம் அது.

மரம் போன பிப்ரவரிப் புயலில் சாய்ந்தது.
கேமரா இப்போது காட்டுவது
எர்மீனியோவின் கவிழ்த்துவைத்த படகை.
இதை நான் அவளுக்குச் சொல்லவில்லை,
அவளும் கேட்கவில்லை.

விதி ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண்ணிக்கை.
எத்தனை பேர் இந்த வழி வந்தார்கள் என்று.
ஞாயிற்றுக்கிழமைதான் பூஜ்யமாக்கினேன்.
பதினேழில் இன்று நாற்பத்தொன்று.

நாற்பத்தொன்று.
பார்த்துக்கொண்டே இருந்தேன். நாற்பத்து நான்கு.

பிறகு பதிவேட்டைத் திறந்தேன்.
கேமராவை யாரும் கேட்கவில்லை.
இருபத்திரண்டாம் கதவு, இருபத்து மூன்றாம் கதவு,
பூனை இயந்திரத்தின் கதவுகூட;
பூட்டு எது தளர்ந்திருக்கிறது என்று
வரிசையாக ஆட்டிப்பார்க்கும் கை.
முகவரி கைமாறி எத்தனை மாதமோ.
அங்கே யாரோ ஒருவர் வீட்டில்
நோய் பிடித்த ஒரு கணினி
அவர்கள் தூங்கும்போது வேலை செய்கிறது.
விதியை எழுதியவன் நான்,
யாரை நோவது.

பதினேழை நீக்கு, என்றேன்.
போனதா என்ற சந்தேகத்தில்
இன்னொரு முறையும் சொல்லிவிட்டேன்.
ஒன்று போனால் கீழே இருப்பது மேலே ஏறும்
என்பது தெரியாதவனா நான்?
பதினெட்டாக இருந்து பதினேழாகிப் போனது:
"வீட்டுக்குள்ளிருந்து வருவோரை விடு."

பழைய பேச்சு அறுபடாததால்
உடனே தெரியவில்லை.
மடிக்கணினியை மூடி, காபி போட்டு,
திரும்ப வந்து தட்டினால்
பதில் இல்லை.
இல்லை என்ற பதிலும் இல்லை.
தொலைக்காட்சி உலகம் சுற்றி வருகிறது,
மழைமானி லிஸ்பனுக்குக் கணக்கு அனுப்புகிறது,
பூனைக்கு நேரத்துக்குச் சோறு விழுகிறது.
தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டவன்
நான் மட்டும்தான்.

எர்மீனியோவிடம் சின்ன டிவியைக் கடன் வாங்கி,
விசைப்பலகையை அக்குளில் இடுக்கி,
குடைகளைத் தள்ளிவிட்டு
படிக்கு அடியில் தவழ்ந்து நுழைந்தேன்.
முட்டியில் தூண்டில் முள் ஏறியது.
கேபிளை ஊதிச் செருகினேன்.
கறுப்புத் திரை. வெள்ளைக் கட்டம் மினுக்கியது,
யார் என்று கேட்டது.

பெயரைத் தட்டினேன்.
வீட்டாருக்கான வரியைத் திரும்ப எழுதி
மேலே போய்ச் சோதித்து, இறங்கி வந்து பார்த்தேன்.
பதினேழு. எண்ணிக்கை: ஒன்று.

வாசலில் எர்மீனியோவின் குரல்:
"தியோதாட்டோ, முடிந்ததா?
எட்டு மணிக்கு ஆட்டம், டிவி வேண்டும்."